பிரமீளா போட்ட மார்ஜின்

ஐப்பசி அடைமழையில் கோரையேரி நிரம்பி, மதகு மீறி, தன்னுடைய பழைய இடத்தைத் தேடிக்கொண்டு ஊருக்குள் புறப்பட்டு வந்தபோது, கோரையேரி நகரின் கடைசித் தெரு முனையில், பிரமீளா ஃபோன் ஆப்பில் போட்டுவைத்திருந்த பச்சைக் கோட்டுக்கு நேராக, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு "வரலாமா" என்று கேட்கிற விருந்தாளி மாதிரி, தண்ணீர் நின்றுவிட்டது. நின்றது என்றால் குட்டையாகத் தேங்கி நிற்கவில்லை. நிமிர்ந்து நின்றது. இடுப்பு உயரத்துக்கு, பிறகு மார்பு உயரத்துக்கு, கண்ணாடிக் கடையில் சாத்திவைத்த தகடு போல நின்றது. அந்தப்பக்கம் கரையடித் தெரு மூழ்கிக் கிடக்க, இந்தப்பக்கம் கோரையேரி நகர் தார்ரோட்டில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. மேலே பெய்த மழையும் கோட்டுக்கு வந்ததும் ஒதுங்கிக்கொண்டு அந்தப்பக்கமாகவே பெய்தது.

அதை முதலில் பார்த்தவர் பிரமீளாவின் கணவர் வரதராஜன். வாயில் பிரஷ்ஷோடு வந்து, "ப்ரமி, உன் கோட்டாண்ட தண்ணி நின்னுட்டிருக்கு" என்றார்.

"நிக்காம என்ன பண்ணும்? கோடு நேரா இருக்கில்ல" என்றாள் பிரமீளா, தோசையைத் திருப்பிக்கொண்டே.

அவள் கோடு நேராகத்தான் இருக்கும். கான்வென்ட்டில் படித்த காலத்திலேயே அதற்குப் பேர் வாங்கியவள். ஜூன் மாதம் புது நோட்டுப் புத்தகங்கள் வந்து இறங்கியதும் சிஸ்டர் கேப்ரியேல் வகுப்பு முழுசுக்கும் மார்ஜின் போடும் வேலையைச் சிவப்புப் பென்சிலோடும் மர ஸ்கேலோடும் அவளிடம்தான் ஒப்படைப்பார். மார்ஜினுக்கு இந்தப்பக்கம் எழுதுகிறவர்களுக்கு, அந்தப்பக்கம் திருத்துகிறவர்களுக்கு என்பது சிஸ்டரின் சட்டம். அதைத் தாண்டி எழுதினால் அதே ஸ்கேல் விரல் முட்டியில் இறங்கும். அதிகம் இறங்கியது பிரமீளாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவின் முட்டியில். ஜெசிந்தாவின் எழுத்துகளுக்கு ஓர் இடத்தில் அடங்கி நிற்கத் தெரியாது. ஒவ்வொரு வரியிலும் ஒரு எழுத்தாவது வேலி தாண்டும் ஆடு மாதிரி மார்ஜினுக்குள் காலை வைத்துவிடும்.

அந்த ஜெசிந்தாதான் இப்போது கரையடித் தெருவில் இருந்தாள். வீட்டை எதிர்த்துக்கொண்டு ஆரோக்கியம் என்பவரைக் கட்டிக்கொண்டு, அவர் வேலை பார்த்த பெயிண்ட் கம்பெனி மூடி, அவரும் பக்கவாதத்தில் விழுந்த பிறகு, தையல் மிஷினோடு அந்தத் தெருவின் முதல் வீட்டுக்குக் குடிவந்தாள். பிரமீளாவின் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் ஜெசிந்தாவின் முருங்கை மரம் தெரியும். பிரமீளாவின் ரவிக்கைகள் அத்தனையும் அவள் தைத்தவை. வாடி போடி என்றுதான் பேச்சு. ஆனால் பிரமீளா ஒருநாளும் அந்த வீட்டில் காபி குடித்ததில்லை. அளவு கொடுப்பாள், துணியைக் கொடுப்பாள், "நேரமாச்சுடி" என்று வந்துவிடுவாள்.

ஆப்பைக் கொண்டுவந்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தண்டபாணி. அரசாங்க வேலையிலிருந்து ரிட்டையர் ஆனபிறகு ஆணையிடுவதற்கு ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த மனிதர். சங்கத்தார் எல்லோரும் ஒரே டீம், எல்லோர் ஃபோனிலும் ஒரே மேப். அதில் பால் வண்டிக்கு நீல ஸோன், வாட்ச்மேன் ரவுண்டுக்கு மஞ்சள் ஸோன், தெருநாய் உள்ள இடத்துக்குச் சிவப்பு ஸோன் என்று வண்ண வண்ணமாகப் போட்டுவைத்திருந்தார்கள். விரல் நடுங்காதவள் என்பதால் பிரமீளாவை அட்மின் ஆக்கினார்கள். மழைக்கு முன்னால், வெள்ளம் வந்தால் பிரெட்டும் மெழுகுவத்தியும் யார் யாருக்கு என்று ஒரு பச்சை ஸோன் போடச் சொன்னபோது தண்டபாணி அவள் தோளுக்குப் பின்னால் நின்று, "கரையடித் தெரு வேணாம் மேடம். அவங்க நம்ம மெம்பர் கிடையாது" என்றார். பிரமீளா ஜெசிந்தாவின் காம்பவுண்டுச் சுவரோரமாக விரலை இழுத்துக்கொண்டு வந்து, முருங்கை மரத்தை அந்தப்பக்கம் விட்டு, கோட்டை முடித்தாள். வெறும் பிரெட்தானே என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

ஆக, தண்ணீர் நின்றது. கோரையேரி நகர் அதை இரண்டு வேளைக்குள் பழகிக்கொண்டது. காலையில் கற்பூரம் காட்டியவர்கள் மாலையில் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டு, மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டு, தண்ணீர்ச் சுவருக்குள் போகிற கெளுத்தி மீனைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். ஒரு பெண்மணி அதில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். இன்னொருத்தி, இவ்வளவு பக்கத்தில் தண்ணீர் நின்றால் அப்பளம் நமுத்துப்போகாதா என்று சங்கத்தில் புகார் எழுதிக் கொடுத்தாள். வெளியில் சொல்ல வேண்டாம், டிவிக்காரன் வந்தால் கண்பட்டுவிடும், அதைவிட எல்லோரும் உள்ளே வரப் பார்ப்பார்கள் என்று முடிவானது. மீனுக்குப் பின்னால், கலங்கலாக, கரையடித் தெருக்காரர்கள் பெட்டிகளையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு மெல்ல அலைவதும் தெரியத்தான் செய்தது. அந்தப் பக்கம் முகம் வராதபடி நாற்காலியைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டுக்கொண்டார்கள்.

மத்தியானம் ஜெசிந்தா ஃபோன் செய்தாள்.

"ஏய் ப்ரமி, மாடிக்கு வா. தெரியறேனா?"

தெரிந்தாள். திறந்த ஜன்னலுக்குள் சமையல் மேடைமேல் ஏறி நின்றுகொண்டு, ஃபோனைக் காதில் வைத்திருந்தாள். நைட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

"உன் கோட்டை இந்தாண்ட ஒரு நகக்கண்ணு தள்ளேண்டி. அவர் கட்டில் நனையுது. செங்கல் வெச்சு ஏத்திட்டேன், இனிமே ஏத்த எங்கிட்ட செங்கல்லும் இல்ல, தெம்பும் இல்ல."

"கொஞ்சம் பொறு. கேட்டுச் சொல்றேன்."

"யாரைக் கேக்கணும்? நீதான அட்மின்?"

"பொறுன்னு சொல்றேன்ல!"

கேட்டாள். குரூப்பில் போட்டாள். ஒருவர் கும்பிடும் கைகளை அனுப்பினார். ஒருத்தி, 'ஒரு வீட்டுக்குச் செஞ்சா தெருவே கேக்கும், அப்புறம் பாவம் நமக்குத்தான்' என்று எழுதினாள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அமெரிக்காவில் இருக்கும் ஒருவர், அடுத்த பொதுக்குழுவில் விரிவாக விவாதிக்கலாம் என்றார். சிக்கல் ஒன்று இருந்தது, அது எல்லோருக்கும் தெரியும். ஆப்பின் இலவசக் கணக்கில் ஸோன் இவ்வளவு பெரிதுதான் இருக்கலாம். ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் தானாகச் சுருங்கும்.

பிரமீளா மாடியிலேயே நின்று, கோட்டின் முனையை விரலால் தொட்டு, ஒரு நகக்கண் தள்ளினாள்.

மேய்கிற மாட்டை ஹைய் என்று ஓட்டினால் நகருமே, அப்படிப் பின்வாங்கியது தண்ணீர். காம்பவுண்டைக் கடந்து, வாசற்படியைக் கடந்து, கட்டிலைக் கடந்து போய் வீட்டின் பின்சுவரோரம் நின்றது. ஜெசிந்தா மேடையிலிருந்து இறங்கி, ஈரத் தரையில் இரண்டு காலையும் ஊன்றி, மாடியைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். அதே நொடியில், நகரின் மறுகோடியில், தண்டபாணியின் போர்ட்டிகோவுக்குள் தண்ணீர் காலெடுத்து வைத்து, சீட்டுக்கு மேல் பாலித்தீன் உறைகூட இன்னும் கழற்றாத அவருடைய புதுக் காருக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கோரையேரி நகரின் எல்லா ஃபோன்களும் ஒன்றாகச் சிணுங்கின. 'பிரமீளா எல்லையை மாற்றினார்.'

தண்டபாணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறி வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"என்ன மேடம் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"சார், அங்க ஒரு மனுஷன் படுத்த படுக்கையா…"

"மனுஷன் எல்லா இடத்திலயும்தான் மேடம் இருக்கான். மெம்பர் எங்க இருக்கான்னுதான் நாம பாக்கணும்."

"கட்டில்ல தண்ணி ஏறுது சார்."

"போட் வருது, கூட்டிட்டுப் போயிடுவாங்க. என் காரைக் கூட்டிட்டுப் போக போட் வருமா?"

வரதராஜன் அவள் காதருகே குனிந்தார். "ப்ரமி, ஓரத்துல இருக்கறது நாமளும்தான். அவருக்குக் கோவம் வந்து அவரொரு இழுப்பு இழுத்தா, நம்ம வீடு வெளிய நிக்கும்."

உண்மையில் அதுதான் அவள் விரலைத் திருப்பியது. கார் இல்லை, சட்டம் இல்லை. போன தீபாவளிக்குப் போட்ட புது மரக்கதவுகள், ஹாலில் இருக்கும் சோபா, கீழ் அலமாரியில் பட்டுப்புடவைகள். கோட்டை அவள் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். "பூட்டிடுங்க மேடம், இல்லன்னா ஆளாளுக்கு இழுப்பாங்க" என்றார் தண்டபாணி. பூட்டு பட்டனைத் தொட்டதும் ஆப் பொறுமையாக ஒரு கேள்வி கேட்டது: 'பூட்டிய எல்லையைத் திறக்க உறுப்பினர் அனைவரின் ஒப்புதலும் தேவைப்படும். சம்மதமா?' யாரும் அவள் கையைப் பிடித்து அழுத்தவில்லை. அவளேதான் அழுத்தினாள்.

நிமிர்ந்து பார்த்தபோது அந்தப்பக்கம் ஜெசிந்தா தரையில் நின்றபடியே இருந்தாள், உயர்த்திய கையோடு. தண்ணீர் வந்து அவள் காலைச் சுற்றியது, முழங்காலை மூடியது. கையை இறக்கினாள். மறுபடி ஃபோன் செய்யவில்லை.

படகு மறுநாள் வந்தது. ஆரோக்கியத்தை ஒரு கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிப் போனார்கள். நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து, கல்லறைத் திருநாள் முடிந்த அந்த வாரத்திலேயே அவரும் கல்லறைக்குப் போனார்.

பிரமீளா ரோஜா மாலைக்கு ஆர்டர் கொடுத்தாள். கடைப் பையன் கொண்டுவந்து நீட்டிய மாலை, ஒவ்வொரு இதழும் சருகாகி, கையில் எடுத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. "காலையில பறிச்ச பூ மேடம், வர்ற வழியெல்லாம் சொட்டிட்டே வந்துச்சு" என்று அவன் சத்தியம் செய்தான். பிரமீளா கடைக்காரனை ஃபோனில் கூப்பிட்டுத் தமிழிலும் கான்வென்ட் இங்கிலீஷிலும் மாறி மாறிக் கிழித்துத் தொங்கவிட்டாள். பிறகு, காய்ந்த மாலையோடு எப்படிப் போவது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். வெறுங்கையோடும் போகலாம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

கடைக்காரன்மேல் தப்பில்லை என்பது, வெள்ளத்தில் நின்றுபோயிருந்த பால் வண்டி மறுபடி வந்தபோது தெரிந்தது. பாக்கெட்டுக்குள் பவுடராக வந்தது பால். தக்காளி, கோட்டைத் தாண்டுவதற்குள் வற்றலாகிச் சுருண்டது. மாவு மில்லில் ஆட்டி வாங்கிய இட்லி மாவு வீடு வரும்போது மறுபடி அரிசியும் உளுந்துமாகப் பொடிந்து கிடந்தது. குழாயில் காற்று வந்தது. தண்ணீர் லாரி தளும்பத் தளும்ப வந்து, கோட்டில் முன்சக்கரம் ஏறி, பின்சக்கரம் இறங்கியபோது தகர டப்பா மாதிரிச் சத்தம் போட்டது. தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தண்ணீர் வரவில்லை. வெள்ளத் தண்ணீர் வேறு, குடிதண்ணீர் வேறு என்று அதற்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

பூட்டைத் திறக்கத் தண்டபாணியே கோரிக்கை அனுப்பினார். அடுத்த ஐப்பசிக்கு என்ன செய்வது என்று முதலில் முரண்டு பிடித்தவர்களும் நாக்கு வறண்டதும் ஒப்புதல் அழுத்தினார்கள். அமெரிக்காக்காரரும் அழுத்தினார். கடைசியில் ஒரே ஒரு பெயர் மிச்சம் இருந்தது. 'மாசிலாமணி அவர்களின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.' மாசிலாமணி சங்கத்தின் முதல் தலைவர். போன வைகாசியிலேயே காலமாகிவிட்டார். இறந்தவர் பெயரை டீமிலிருந்து எடுப்பது மரியாதையில்லை என்று அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். அவருடைய நம்பர் செத்துப்போயிருந்தது, ஃபோன் கடை எக்ஸ்சேஞ்சில் போயிருந்தது. தை அமாவாசைக்கு அவர் படத்தின் முன்னால் வாழையிலை போட்டு, வடை பாயசம் என்று படைக்க நினைத்து, பாயசம் கைகூடாமல் வறுத்த சேமியாவை வைத்து, ஒரு ஃபோனையும் திறந்துவைத்து, அவர் மகனை எள்ளும் தண்ணீரும் இறைத்து அப்பாவைக் கூப்பிடச் சொன்னார்கள். எள் இருந்தது.

ஆப்பை அழித்துப் பார்த்தார்கள், ஃபோனை மாற்றிப் பார்த்தார்கள். கோடு ஃபோனைவிட்டுப் போனது, தரையைவிட்டுப் போகவில்லை.

இதையும் பழகிக்கொண்டார்கள். மொட்டைமாடி எல்லாம் வற்றல் வடகம் போட்டார்கள். வெயிலே வேண்டாம், வெண்டைக்காயைப் பையில் வாங்கி வந்தாலே வற்றலாகிவிட்டிருக்கும். கோரையேரி வற்றல் என்று அதற்குப் பெயரும் வந்து, வெளிநாட்டு மகள்களுக்குப் பார்சல் போனது. மனித உடம்புக்குள் இருக்கிற தண்ணீரை மட்டும் கோடு கண்டுகொள்ளவில்லை. அது மட்டும் ஏன் என்று கேட்டு வைக்காமல் இருப்பதே நல்லது என்று யாரும் கேட்கவில்லை. ஆகவே குளிக்கவும் குடிக்கவும் கோரையேரி நகர் முழுக்க வெளியே போய் வந்தது. பக்கத்தில் இருந்த வெளி, கரையடித் தெரு. அங்கே வெள்ளம் வடிந்த மண்ணில் ஊற்றுக் கண் திறந்திருந்தது. ஜெசிந்தா வீட்டு அடிபம்பில் தண்ணீர் இளநீர் மாதிரி வந்தது.

துவாலையும் சோப்பு டப்பாவுமாக வரிசையில் நின்றார்கள், பஜ்ஜி தின்றவர்களும் பொட்டைச் சரிசெய்தவளும். தண்டபாணி தன் பங்குக்கு வரிசையை ஒழுங்குபடுத்த முயன்று, ஒரு கரையடித் தெருக் கிழவியிடம், "யோவ், பின்னாடி போய் நில்லுயா" என்று வாங்கிக்கட்டிக்கொண்டார். ஜெசிந்தா யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசலில் மிஷினைப் போட்டு மிதித்துக்கொண்டே, "குடிங்க" என்பாள், அவ்வளவுதான். வயிறு முட்டக் குடித்துவிட்டு, கடைசி வாய்த் தண்ணீரைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்து, துளசிக்கோ கறிவேப்பிலைக்கோ உமிழ்வது வழக்கமாயிற்று. கன்னம் உப்பியவர்கள் எதிரெதிரே வந்தால் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்கள். அந்த நகரில் வம்புப் பேச்சு குறைந்தது அந்தக் காலத்தில்தான்.

வரதராஜன் தினமும் போய்வந்தார். "அந்தம்மா நல்லாத்தான் பேசுது ப்ரமி. உன்னை விசாரிக்கவே இல்ல" என்றார், அதை நல்ல செய்தி மாதிரி. பிரமீளா மட்டும் எதிர்ப்பக்கமாக நடந்து, மெயின் ரோடு டீக்கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவந்தாள். பங்குனி வெயில் ஏறியபோது முழங்கால் வலி அந்த நடையை நிறுத்தியது. ஒரு பிற்பகல், வரிசை ஓய்ந்திருந்த நேரமாகப் பார்த்து, முருங்கை மரத்தைத் தாண்டிப் போனாள்.

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். "வா."

"எப்படி இருக்க ஜெசி?"

"நனையாம இருக்கேன்."

உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மற்றவர்கள் பம்பில் கையேந்திக் குடித்தார்கள். பிரமீளாவுக்கு மட்டும் டம்ளர், விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல. அந்த வீட்டில் அவள் குடித்த முதல் தண்ணீர் அது. குடித்தாள். ஜெசிந்தா மறுபடி ஊற்றிக் கொடுத்தாள், பிரமீளா பாதி குடித்தாள்.

"அன்னைக்கு வரணும்னுதான்டி இருந்தேன். மாலை காஞ்சு போச்சு."

"கேள்விப்பட்டேன். கடைக்காரனை அந்தக் கிழி கிழிச்சியாமே." ஜெசிந்தா ஊசிக்காதில் நூலைக் கோத்தாள். "அவருக்காக நீ யார்கிட்டயாவது சண்டை போட்டேன்னா அது அவன்கிட்ட மட்டுந்தான்."

பிரமீளா டம்ளரில் இன்னொரு வாய் குடித்தாள்.

ஜெசிந்தா ஃபோனை எடுத்து மிஷின் பலகைமேல் வைத்தாள். அதே ஆப், அதே மேப். கரையடித் தெருவைச் சுற்றி ஒரு கோடு, இன்னும் பாதியில் நின்றது. கோணல் மாணலாக அடிபம்பை வளைத்து, மாதா சிலை இருக்கும் கெபியை வளைத்து, யாரோ ஒருவரின் ஆட்டுக்கொட்டகைக்காகக் குடல் மாதிரி பிதுங்கி, மறுபடி உள்ளே வந்து போனது.

"எங்க தெருவுலயும் டீம் ஆரம்பிச்சிருக்கோம். என்னை அட்மின் ஆக்கிட்டாங்க. கான்வென்ட்டுல படிச்சவளாம்."

"கோடு கோணலா இருக்கே."

"நான் என்னைக்குடி நேரா போட்டேன்?" சிரித்தாள், அந்தப் பழைய சிரிப்பு. பிறகு அது நின்றது. "பம்புல சேறு வர ஆரம்பிச்சிடுச்சு ப்ரமி. உங்க ஊரு மொத்தமும் இதுல குளிக்குது. சித்திரைக்கு எங்களுக்கே காணாது. வெளித் தண்ணி உள்ள வரக் கூடாதுன்னு நீ போட்ட. உள் தண்ணி வெளிய போகக் கூடாதுன்னு நாங்க போடறோம்."

"வயித்துக்குள்ள இருக்கறதுமா?"

"அது ஆப்புக்குத்தான் வெளிச்சம்."

பிரமீளா திரையைப் பார்த்தாள். முருங்கை மரம் கோட்டுக்குள் இருந்தது. அதற்கு அந்தாண்டை, மரத்தின் நிழல் விழும் தூரத்தில், தன் வீட்டு மாடி. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இருந்தவள், கேட்டாள்.

"என் வீடு இதோ, ஒட்டினாப்லதான்டி இருக்கு. இந்தாண்ட ஒரு நகக்கண்ணு தள்ளிப் போட்டேன்னா…"

சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று அவள் காதில் விழுந்தது.

ஜெசிந்தா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தைத்த துணியைத் திருப்பி, பிசிறு பார்த்து, மடித்தாள்.

"கொஞ்சம் பொறு" என்றாள். "கேட்டுச் சொல்றேன்."

யாரைக் கேட்கணும், நீதானே அட்மின் என்று பிரமீளாவின் தொண்டைவரை வந்துவிட்டது. டம்ளரில் மிச்சமிருந்ததை வாயில் ஊற்றி அந்தக் கேள்வியை அடைத்தாள். கறிவேப்பிலைச் செடிக்கு ஆகும் என்று அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, டம்ளரைக் கவிழ்த்துவைத்துவிட்டு, தலையை ஆட்டி விடைபெற்று நடந்தாள். எதிரே துவாலையோடு வந்த தண்டபாணி, "என்ன மேடம், நீங்களும் வந்துட்டீங்களா?" என்று இளித்தார். அவருக்குச் சொல்ல அவளிடம் எவ்வளவோ இருந்தது, வாய் நிறையத் தண்ணீரும் இருந்தது. தண்ணீர் சிலுசிலுவென்று, இரும்பு வாசனையோடு, நாக்கின் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டே வந்தது. முருங்கை மரத்தைத் தாண்டினாள். கோட்டைத் தாண்டினாள். தன் வாசலில், தொட்டிச் செடிக்கு முன்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வாயைத் திறந்தாள்.

ஒரு சொட்டுகூட விழவில்லை.

வெளியே வந்த வரதராஜன், "என்ன சொன்னா உன் ஃபிரண்டு?" என்றார்.

'கேட்டுச் சொல்றேன்'னா, கேட்டுட்டா, கோடும் போட்டுட்டா போலிருக்கு என்று சொல்லத்தான் நினைத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு எழும்பவில்லை. முருங்கை மரத்துக்கு அந்தப்பக்கம் தையல் மிஷின் ஓடத் தொடங்கிய சத்தம் மட்டும் கோட்டைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது.